சத்தம் மாறியதும் பேட்டரியைக் கழற்றியவர்

ஓய்வு பெற்ற நாளில் சர்வீஸ் சென்டர் பிள்ளைகள் எனக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வட்டத்தட்டு பளபளவென்று தெரியும்படி வைத்திருந்தார்கள். கேக் வெட்டி முடித்ததும் திவ்யா கேட்டாள்: "அக்கா, இது ஓடி நாங்க யாருமே பார்த்ததில்ல. நாங்க வேலைக்கு வரும்போதே எல்லாம் சிப்பா மாறிடுச்சு. இது எப்படி இருக்கும்?"

"சத்தம் போடும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சத்தம் போடும், சரி. அந்தச் சத்தத்தை யாரிடமிருந்து கேட்கக் கற்றேன் என்று சொல்லவில்லையே. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், திவ்யாவுக்கும் மற்றவர்களுக்கும்.

நான் கஸ்தூரி. கோவளத்துக்காரி. அப்பாவுக்குக் கடல் தொழில், அம்மா கூடையில் மீன் விற்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாக வந்ததால் ஒரு டீச்சர் சொல்லி பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. பிறகு கிண்டியில் டி.வி. பூட்டும் வேலை, அதன் பிறகு கம்ப்யூட்டர் மானிட்டர் ரிப்பேர். அந்த கம்பெனி மூடியபோது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில், 'லேப்டாப் சர்வீஸ், ஆள் தேவை' என்ற பலகையைப் பார்த்து ஏறிப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. லேப்டாப் என்பது அப்போதுதான் தாம்பரம் பக்கம் பரவலாகக் கண்ணில் பட ஆரம்பித்திருந்தது.

கடை ஜாஃபர் சாருடையது. பல்லாவரத்தில் அவர்கள் குடும்பத்துக்குப் பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள் விற்கும் கடை உண்டு. அவர் மட்டும் அதை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு, வெளிநாட்டில் பெரிய கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போய், திரும்பி வந்து இந்தக் கடையைத் திறந்தார். என்னிடம் சான்றிதழைக் கேட்கவில்லை. ஒரு லேப்டாப்பைக் கொடுத்துத் திறக்கச் சொன்னார். நான் ஸ்க்ரூக்களைக் கழற்றக் கழற்ற, எந்த ஸ்க்ரூ எந்த மூலையில் இருந்ததோ அதே மாதிரி மேஜைத் துணியில் வரிசையாக வைத்துக்கொண்டு வந்தேன். பாதி வேலையிலேயே, "போதும்மா, நாளைக்கு வந்துடுங்க" என்றார்.

அவர் பேசும் விதத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் படியேறி வந்து பதற்றத்தோடு லேப்டாப்பை நீட்டினால், வாங்க மாட்டார். "உக்காருங்க" என்பார். தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அவர்கள் குடித்து முடித்ததும், "என்ன நடந்துச்சு?" என்று கேட்பார். பிறகு நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கேட்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒருவரிடம், "என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் உடனே, "நான் ஒண்ணும் பண்ணல மேடம், தானா நின்னுடுச்சு" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் போன பிறகு ஜாஃபர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"கஸ்தூரிம்மா, 'என்ன பண்ணீங்க'ன்னு கேட்டா அவங்க மேல தப்பு இருக்கிற மாதிரி ஆயிடும். மறைப்பாங்க. 'என்ன நடந்துச்சு'ன்னு கேளுங்க. கீழ விழுந்துச்சு, டீ கொட்டிச்சு, எல்லாம் தானா வரும். நமக்குத் தேவை அதுதானே?"

முப்பது வருடம் படித்தாலும் கிடைக்காத பாடம். இன்றைக்கும் என் பேரனிடம்கூட அப்படித்தான் கேட்கிறேன்.

அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல், தலைமுடி கூட நுழைய முடியாத இடைவெளியில், ஒரு சிறு கை முன்னும் பின்னும் போய்வந்து எழுதும், படிக்கும். அந்தக் கையின் நுனிக்கு 'ஹெட்' என்று பெயர். தட்டு சுற்றும்போது லேப்டாப் பலமாக ஆடினால் ஹெட் தட்டை உரசிவிடும். சூடு அதிகமானாலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். கெடும்போது பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாது. நேற்று ஓடியது இன்று காலையில் நின்றிருக்கும். கம்ப்யூட்டரின் மற்ற எந்த பாகம் போனாலும் புதிது வாங்கிப் போட்டுவிடலாம். இது போனால், அதில் எழுதி வைத்ததெல்லாம் அதோடு போகும்.

ஆகவே ஜாஃபர் சாரின் முதல் சட்டம், சந்தேகமுள்ள டிஸ்க்கை ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது என்பது. "காயம்பட்ட காலோட ஒருத்தர் வந்தா, ஓடிக் காட்டுங்கன்னு சொல்வோமா?" என்பார். இரண்டாவது, முதலில் நகல், அப்புறம்தான் வைத்தியம். டிஸ்க்கைத் தனியே கழற்றி, அதில் உள்ளதை அப்படியே இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு இழுத்துவிட்டு, அந்த நகலில்தான் எதையும் தேட வேண்டும். மூன்றாவது சட்டம் எங்களுக்கானது. நகலைத் திறந்து பார்க்கும்வரை வாடிக்கையாளரிடம் 'கிடைச்சிடும்' என்றும் சொல்லக்கூடாது, 'போயிடுச்சு' என்றும் சொல்லக்கூடாது. "பாக்கலாம்" மட்டும்தான்.

ஒருமுறை சாஃப்ட்வேரில் வேலை செய்யும் ஒரு பையன், டிஸ்க்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டு எடுத்து வந்திருந்தான். குளிரில் வைத்தால் சரியாகிவிடும் என்று எங்கோ இண்டர்நெட்டில் படித்திருக்கிறான். வெளியே எடுத்து ஆன் பண்ணிய நிமிடத்தில் உள்ளே நீர் கோத்துவிட்டது. தட்டில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. அவனுடைய கல்யாண போட்டோக்கள் அத்தனையும் அதில். "இவ்வளவு படிச்சவன்..." என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஜாஃபர் சார் அவன் தோளில் கை வைத்து, "கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லார் கிட்டயும் கேமரா இருந்திருக்குமே? ஒவ்வொருத்தரா கேளுங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, நான் சேர்த்துத் தரேன்" என்றார். அவன் நிஜமாகவே ஒவ்வொரு உறவினரிடமும் போய் வாங்கி வந்தான். சார் உட்கார்ந்து ஒரு ஆல்பமாகச் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் பையன் போகும்போது சொன்னான்: "சார், இதுல எங்க போட்டோகிராபர் எடுக்காததெல்லாம் இருக்கு."

இதெல்லாம் சின்ன விஷயங்கள். நான் சொல்ல வந்தது முருகேசனைப் பற்றி.

வெயில் கொளுத்திய ஒரு முற்பகல். படியில் குச்சி தட்டும் சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், மார்போடு ஒரு லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஏறி வந்தார். இன்னொரு கையில் பேட்டரி. அதைத் தனியே கழற்றி எடுத்து வந்திருந்தார்.

"சார் கீறாரா?" என்று கேட்டார்.

ஜாஃபர் சார் எழுந்து போய்க் கைப்பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தோம். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

முருகேசனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பள்ளிக்கரணையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டதால் பூத்துக்கு ஆள் வருவது நின்றுகொண்டிருந்தது. பி.ஏ. முடித்திருந்த அவரும், அவரைப் போலவே பார்வையற்ற நண்பர்கள் சிலரும், அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வுக்கான புத்தகங்கள் பிரெயிலில் கிடைக்கவில்லை. சிட்லபாக்கத்தில் சரோஜா டீச்சர் என்று ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர், வரலாறு, அரசியலமைப்பு, பொதுத் தமிழ் என்று புத்தகம் புத்தகமாக வாய்விட்டுப் படித்து, இந்த லேப்டாப்பில் பதிவு செய்து கொடுத்திருந்தார். யாரோ ஒரு நல்ல மனிதர் தான் பயன்படுத்திய பழைய லேப்டாப்பை இவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் வழியாக முருகேசன் அதை இயக்கினார்.

"நேத்து டீச்சர் வூட்லேர்ந்து கிளம்பசொல்ல, மூடி பையில போட்டேன் சார். மூடுனா அது தூங்கிடும்னு சொல்லிக் குடுத்தாங்க. பஸ்ல ஏறினேன். மேடவாக்கம் ரோடு இன்னா லட்சணத்துல கீதுன்னு உங்களுக்கே தெரியும், குதிச்சிகினே வந்துச்சு. வூட்டுக்குப் போயி பையத் தொறந்தா, தோசைக்கல்லு மாதிரி சூடு. அது தூங்கவே இல்ல சார். ஓடிகினே வந்திருக்குது. எனக்கு லைட்டு தெரியாது, ஃபேன் சத்தம்தான் கணக்கு. பஸ் சத்தத்துல அது கேக்கல."

"அப்புறம்?"

"ஆறட்டும்னு வுட்டுட்டேன். இன்னிக்குக் காலைல ஆன் பண்ணேன். எப்பவும் 'சர்ர்ர்'னு ஒரே மாதிரி கேக்கும். இன்னிக்கு நடுவுல 'டிக்'குன்னுச்சு. அப்புறம் இன்னொரு 'டிக்'. சத்தம் மாறிடுச்சேன்னு உடனே பேட்டரிய புடுங்கிட்டேன்."

ஜாஃபர் சார் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "அதுக்கப்புறம் மறுபடியும் ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். பயமா கீது."

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணி, ஒவ்வொரு முறையும் ஹெட்டைத் தட்டில் தேய்த்து, கடைசியில் எதுவும் மிஞ்சாத நிலையில்தான் எங்களிடம் கொண்டு வருவார்கள். திரையில் ஏதாவது தெரியுமா என்று பார்க்கத் தோன்றும், அதனால். இவர் சத்தத்தை மட்டும் நம்பி, மாறிய மறுகணமே நிறுத்தியிருக்கிறார்.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க தம்பி" என்றார் சார். "டீச்சர் கிட்ட வேற நகல் எதுவும் இருக்கா?"

"இல்ல சார். டைரக்டா இதுலதான் பேசுனாங்க. பரீட்சை கிட்ட வந்துடுச்சு." நிறுத்தி, துண்டின் நுனியைச் சுருட்டினார். "டீச்சருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிடுச்சு சார். இனிமே குரலு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நேத்து அவங்கள பாக்கத்தான் போயிருந்தேன்."

ஜாஃபர் சார் வழக்கமான குரலிலேயே, "பாக்கலாம்" என்றார்.

டிஸ்க்கை நான்தான் கழற்றினேன். அகலமான ஒரு இரும்புத் தகட்டின் மேல் சமமாகப் படுக்க வைத்தேன், சூடு தகட்டில் இறங்கட்டும் என்று. பக்கத்தில் சின்ன மேஜை விசிறி. மின்சாரம் போனாலும் நிற்காதபடி யு.பி.எஸ். ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் சி.டி.யைப் போட்டு, புதிய டிஸ்க் ஒன்றை மறுபக்கம் இணைத்தேன். நகலெடுக்கும் நிரலைச் சொல்லிவைத்தபடி ஓட்ட வேண்டும்: சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடு, அடைத்துக்கொள்ளும் இடத்தில் மல்லுக்கட்டாதே, தாண்டிப் போ, கடைசியில் திரும்பி வா. சிக்கல் என்னவென்றால், டிஸ்க் அடைத்துக்கொள்ளும்போது ஹெட் தானாகவே திரும்பத் திரும்ப முயன்று அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சட்டென்று மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். திரையில் எச்சரிக்கை வருவதற்குள் ஹெட் பல தடவை அடித்திருக்கும்.

"நான் பக்கத்துல குந்திக்கவா சார்?" என்று கேட்டார் முருகேசன்.

வேலை மேஜை பக்கம் வாடிக்கையாளர்களை ஜாஃபர் சார் விடவே மாட்டார். அன்று அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கையை இந்தத் தகட்டு மேல வச்சுக்குங்க. டிஸ்க்கைத் தொட வேணாம். சத்தம் மாறுற மாதிரி இருந்தா சொல்லுங்க."

ஆன் பண்ணினேன். தட்டு சுற்றும் மெல்லிய 'சர்ர்' கேட்டது. நகல் நகர ஆரம்பித்தது. எனக்குக் கேட்டதெல்லாம் விசிறி, கீழே ஜி.எஸ்.டி. ரோட்டுப் பஸ்களின் ஹாரன், மருந்துக் கடையில் யாரோ மாத்திரை கேட்கும் குரல். முருகேசன் தலையைச் சாய்த்து, விரல்களைத் தகட்டில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இழுக்குது" என்றார் திடீரென்று.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கை சுவிட்ச் மேல் தயங்கியது.

"நிறுத்துங்க அக்கா!"

நிறுத்தினேன். அடுத்த முறை நான் சற்றுத் தாமதித்ததும் 'டிக்' விழுந்தது; அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. 'டிக்' வருவதற்குச் சற்று முன்னால், 'சர்ர்' என்ற அந்த ஒலியில் ஒரு சின்ன இழுப்பு வருகிறது. மூச்சை உள்ளே இழுப்பது மாதிரி. அதற்குப் பிறகுதான் அடி. முருகேசன் அந்த இழுப்பிலேயே சொல்லிவிடுகிறார். அந்த நொடியில் நிறுத்தினால் ஹெட் அடிப்பதே இல்லை.

இப்படியே வேலை போனது. கொஞ்ச நேரம் ஓட்டுவது, அவர் "இழுக்குது" என்றதும் நிறுத்துவது, ஆறவிடுவது, தாண்டிப் போய் மறுபடி ஓட்டுவது. மாலையில் கடையை மூடிவிட்டு, மறுநாள் காலையில் அவர் வந்த பிறகுதான் தொடர்ந்தோம். பூத்தை யாரிடமாவது பார்க்கச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். டிஸ்க் ஆறும் இடைவேளைகளில் டீ குடித்தோம். அவருடைய பூத்தில் நள்ளிரவு பஸ்ஸுக்கு முன்னால் போன் பேச வரும் காதலர்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். "எனக்குக் கண்ணு தெரியாதுன்னு தைரியமா பேசுவாங்க அக்கா. காதும் கேக்காதுன்னு நெனப்பு!" ஜாஃபர் சார் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டாம் நாள் முடிவதற்குள் எனக்கும் அந்த இழுப்பு கேட்க ஆரம்பித்தது. ஒருமுறை நானும் அவரும் ஒரே நேரத்தில், "இழுக்குது!" என்றோம். அவர் தொடையில் தட்டிக்கொண்டு, "அக்கா பாஸு!" என்றார்.

டிஸ்க் கடைசியில் நின்றேவிட்டது. அதற்கு மேல் அதைச் சுற்ற வைக்க முடியவில்லை. ஆனால் அதற்குள் பெரும்பகுதியை வெளியே எடுத்திருந்தோம். நகலைத் திறந்தேன். ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றை ஓடவிட்டேன்.

"பாடம் ஒன்று" என்றது ஒரு தெளிவான, கண்டிப்பான பெண் குரல். பிறகு லேசாக ஒரு இருமல்.

"டீச்சர்!" என்றார் முருகேசன். அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஜாஃபர் சார் மட்டும் அந்தப் பாடத்தை நிறுத்தாமல், கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

ஆனால் எல்லாம் கிடைத்துவிடவில்லை. வரலாற்றுப் பாடங்களில் சில பாதியில் அறுந்து நின்றன. சில ஃபைல்கள் திறக்கவே இல்லை. எதெது இல்லை என்று பார்த்துச் சொன்னபோது முருகேசன், "இவ்ளோ கிடைச்சதே பெரிசு அக்கா" என்றார். குரல் தளர்ந்திருந்தது. விட்டுப்போனதில்தான் தேர்வில் அதிகம் கேட்கிற பகுதிகள் இருந்தன.

"புத்தகம் டீச்சர் கிட்ட இருக்குல்ல?" என்றார் ஜாஃபர் சார். "அவங்க குரல் இல்லன்னா வேற ஒரு குரல். பாடம் மாறப்போறதில்லையே." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நானா சார்? என் தமிழ் மீன்கூடைத் தமிழ் சார்" என்றேன்.

"அவங்களுக்குப் புரியாத தமிழா அது?"

மறுவாரம் சரோஜா டீச்சரே ஆட்டோவில் வந்து இறங்கினார். மெலிந்த உருவம், கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. பையில் புத்தகங்கள். என்னைப் பார்த்துக் கைகூப்பினார், பேச முடியாது. கடையின் பின்னறையில் லேப்டாப்பை வைத்து, மைக்கை மாட்டி, புத்தகத்தை விரித்தார். என் பக்கத்தில் ஒரு பென்சிலோடு உட்கார்ந்துகொண்டார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே மேஜையில் 'டொக்' என்று பென்சில் விழுந்தது. நிறுத்தினேன். அவர் தன் வாயைத் திறந்து, நாக்கை மேலே மடித்துக் காட்டினார். சோழர்களை நான் 'சோளர்கள்' என்று படித்திருக்கிறேன். மறுபடி சொன்னேன். மறுபடியும் 'டொக்'. மூன்றாம் முறை சரியாக வந்ததும் பென்சிலால் என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். எனக்கு என் பள்ளிக்கூடமே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் பேசிப் பேசியே பாடம் நடத்தியவர். இப்போது ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் இல்லை. நான் ஒரு நீண்ட வாக்கியத்தைத் தப்பில்லாமல் படித்தால் கண்ணில் ஒரு சிரிப்பு வரும், அதற்காகவே அடுத்ததையும் ஒழுங்காகப் படித்தேன்.

கடை வேலைக்கு நடுநடுவே, வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து படித்தோம். விட்டுப்போன பாடங்கள் எல்லாம் நிரம்பின. டீச்சரின் குரல் ஒரு வாக்கியத்தில் அறுந்த இடத்தில் என் குரல் சேர்ந்துகொண்டது. முதலில் கேட்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. முருகேசனோ, "நல்லா கீது அக்கா. டீச்சர் சொன்னா பயந்துகினு படிப்போம், நீங்க சொன்னா கதை கேக்குற மாதிரி கீது" என்றார்.

ஜாஃபர் சார் எல்லாவற்றையும் சிறிய ஃபைல்களாக மாற்றி, முருகேசனின் நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக சி.டி.யில் எழுதினார். டீச்சர் வீட்டுக்கு ஒன்று. கடையில் ஒன்று. "தம்பி, எந்த டிஸ்க்கா இருந்தாலும் ஒருநாள் நிக்கும். ஒழுங்கா வச்சுக்கிட்டா அந்த நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒரே இடத்துல மட்டும் வைக்காதீங்க. கேக்குறவங்க எல்லாருக்கும் குடுங்க" என்றார். முருகேசன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தெரிந்தவர், தெரியாதவர், வெளியூர் விடுதிகளில் படிப்பவர் என்று யார் கேட்டாலும் நகல் எடுத்துக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புதிய டிஸ்க் பூட்டிய லேப்டாப்பை அவர் கையில் கொடுத்த அன்று, நாங்கள் சொல்வதற்கு முன்பே அவர் ஒரு காரியம் செய்தார். ஷட் டவுன் கொடுத்துவிட்டு, உள்ளங்கையை லேப்டாப்பின் அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தட்டு சுற்றுவது நின்று, அந்த மெல்லிய அதிர்வு முழுவதும் அடங்கிய பிறகுதான் பைக்குள் வைத்தார். "இனிமே காத நம்ப மாட்டேன் அக்கா, கைய நம்புவேன். பஸ்ஸுக்குள்ளயும் கை கேக்கும்."

அன்றிலிருந்து என்னிடம் லேப்டாப்பைச் சரிசெய்து வாங்கிப் போன ஒவ்வொருவருக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டினால் அடியில் காற்றுவழி அடைத்துக்கொள்ளும், பலகையிலோ மேஜையிலோ வையுங்கள். ஓடும்போது தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது தூசி தட்டக் கொண்டு வாருங்கள். இடமில்லாமல் நிரப்பி வைக்காதீர்கள். இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். ஆனால் "கை வச்சுப் பாருங்க, துடிப்பு அடங்கினப்புறம் பையில வைங்க" என்றால் மறக்கவே மாட்டார்கள். திரும்பி வரும்போது, "மேடம், இப்பவும் கை வச்சுத்தான் பாக்குறேன்" என்பார்கள். எத்தனையோ டிஸ்க்குகள் அதனால் கூடுதலாகச் சில வருடம் ஓடியிருக்கும். அந்தப் புண்ணியம் முருகேசனுக்குத்தான்.

அந்தத் தேர்வில் முருகேசனின் நண்பர்கள் இரண்டு பேர் தேறினார்கள். அவர் தேறவில்லை. ஆனாலும் அவர்தான் ஸ்வீட் பாக்ஸோடு படியேறி வந்தார். "நம்ம பசங்க பாஸாயிட்டாங்க சார்!" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் குறை எதையும் என்னால் கேட்க முடியவில்லை. அடுத்த முறை அவரும் தேறினார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. பூத்தை மூடிவிட்டு வேலைக்குச் சேர்வதற்கு முதல் நாள் வந்து, ஜாஃபர் சாரின் இரண்டு கைகளையும் பிடித்து விடைபெற்றுப் போனார். சரோஜா டீச்சர் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். ஜாஃபர் சார் இப்போது இல்லை. அவர் கடையைப் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்று எடுத்துக்கொண்டபோது, என்னையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். ஓய்வு பெறும்வரை எனக்குச் சோறு போட்டது அந்த ஒரு வார்த்தை. அவருக்கு நான் நன்றி சொன்னபோதெல்லாம், "பாக்கலாம், பாக்கலாம்" என்று அதையும் தள்ளிவிட்டுவிடுவார்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைக் குச்சியோடு ஒரு இளம்பெண் வந்து, "செங்கல்பட்டு வண்டி இந்தப் பிளாட்பாரமாங்க?" என்று கேட்டாள்.

"இதுதாம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும். கூட்டமா இருக்கு, என் கையைப் பிடிச்சுக்குங்க" என்றேன்.

அவள் கையை நீட்டாமல் அப்படியே நின்றாள். "இன்னொரு தடவை பேசுங்களேன்."

"என்னம்மா?"

"நீங்க... சோழர் பாடம் படிச்சவங்கதானே?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், "ஆமாம்மா" என்றேன்.

"நான் வேலூர் பக்கம் டீச்சரா இருக்கேங்க. ஹாஸ்டல்ல இருந்தப்ப எங்க சீனியர் ஒருத்தங்க பென் டிரைவ்ல குடுத்தாங்க. உங்க பாடத்தைக் கேட்டுத்தான் நாங்க எல்லாம் பரீட்சை எழுதினோம்." அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஒரு இடத்துல நடுவுல, 'இருங்க டீச்சர், கஸ்டமர் வந்திருக்காரு'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவீங்க. தூரத்துல ஒருத்தர், 'மேடம், காலைலேர்ந்து டிக் டிக்னு சத்தம் போடுது'ம்பார். நீங்க 'உக்காருங்க, தண்ணி குடிங்க'ம்பீங்க. அப்புறம் வந்து விட்ட இடத்துலேர்ந்து படிப்பீங்க. அந்த இடத்தை நாங்க திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்போம்."

அது பதிவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடமாக யாரும் சொல்லவில்லை.

வண்டி வரும் அறிவிப்பு கேட்டது. அவள் இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நாளா யாரையாவது கேக்கணும்னு நெனச்சிட்டிருந்தேங்க" என்றாள். "அந்தக் கஸ்டமரோட லேப்டாப் சரியாச்சா?"